ஜூனியர் கே.ஜி.க்கு முன் எழுத்துப் பயிற்சி தேவையா? வீட்டில் தமிழ் பேசினால் குழந்தை பின்தங்குமா?

ஐரோலி (நவி மும்பை): குழந்தையை ஜூனியர் கே.ஜி.யில் சேர்ப்பதற்குள் ஆங்கில எழுத்துகளை எழுதப் பழக்கிவிட வேண்டும், வீட்டில் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் மும்பைப் பெருநகரத் தமிழ்ப் பெற்றோரிடையே பரவலாக உள்ளது. இந்த இரண்டுமே தேவையற்றவை என்பதுதான் நாட்டின் பாடத்திட்ட ஆவணங்களும் குழந்தை வளர்ச்சி ஆய்வுகளும் தரும் விடை.

தமிழ்நாட்டில் எல்.கே.ஜி. எனப்படும் வகுப்பே மும்பையில் ஜூனியர் கே.ஜி. ஆகும். அதற்கு முந்தையது நர்சரி. மகாராஷ்டிர அரசின் விதிப்படி, கல்வியாண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 3 வயது நிறைவடையும் குழந்தை நர்சரியிலும், 6 வயது நிறைவடையும் குழந்தை ஒன்றாம் வகுப்பிலும் சேரலாம். இதனால் ஒரே வகுப்பில் ஏறத்தாழ ஓர் ஆண்டு வயது வேறுபாடுள்ள குழந்தைகள் அமர்கின்றனர். டிசம்பரில் பிறந்த குழந்தையை முந்தைய ஜனவரியில் பிறந்த குழந்தையுடன் ஒப்பிட்டுக் கவலைப்படுவது பொருளற்றது.

2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கை, 3 முதல் 8 வயது வரையிலான காலத்தை ஒரே அடித்தள நிலையாக வகுத்தது. மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் 6 வயதுக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்று அக்கொள்கை குறிப்பிடுகிறது. இந்த வரியைத் தனியார் மழலையர் பள்ளிகள் சில விளம்பரமாக்கி, சீக்கிரம் எழுத வைப்பதற்கான காரணமாகக் காட்டுவதுண்டு. ஆனால், அதன் தொடர்ச்சியாக 2022 அக்டோபரில் வெளியான அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்குப் பாடநூலே கூடாது என்கிறது. விளையாட்டு, கதை, பாடல், பொம்மை, உரையாடல் ஆகியவையே அங்குப் பாடம்.

இதற்கு உடல் சார்ந்த காரணமும் உண்டு. பொதுவாக 3 வயதில் வட்டத்தையும், 4 வயதில் கூட்டல் குறியையும், அதன் பின்னரே சதுரத்தையும் குழந்தைகள் பார்த்து வரைகின்றனர். முக்கோணம் வர 5 வயதாகும். சாய்கோடே வராத கையால் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தையோ, சுழியும் வளைவும் நிறைந்த 'அ'வையோ வரி வரியாக எழுதச் சொல்வது குழந்தைக்குத் தண்டனையாகவே அமையும். பட்டாணி உரித்தல், சப்பாத்தி மாவு பிசைதல், சட்டைப் பொத்தான் போடுதல், கோலப்பொடியால் புள்ளி வைத்தல் போன்றவை விரல்களுக்கு வலுவூட்டும். எழுத்து அதன் பிறகு எளிதாக வரும்.

எண்ணும் இவ்வாறே. நூறு வரை ஒப்பிக்கும் குழந்தையிடம் ஐந்து கரண்டி எடுத்து வரச் சொன்னால், கைக்குக் கிடைத்த அத்தனையையும் அள்ளி வருவதைப் பல வீடுகளில் காணலாம். நான்கு பேருக்கு நான்கு தட்டு வைக்கத் தெரிந்த குழந்தைக்கே எண் புரிந்திருக்கிறது.

மொழி பற்றிய அச்சமே பெரிய இழப்பை உண்டாக்குவது. ஐரோலியில் ஒரு தமிழ்க் குழந்தை வீட்டில் தமிழும், கட்டட வளாகத்தில் இந்தியும் மராத்தியும், வகுப்பில் ஆங்கிலமும் கேட்கிறது. 'நாளை' என்பதன் பொருள் தமிழில் விளங்கிய குழந்தைக்கு 'உத்யா' என்ற மராத்திச் சொல் ஒரு புதிய பெயர் மட்டுமே. பொருள் விளங்காத குழந்தைக்கோ இரண்டுமே வெறும் ஒலி. பெற்றோர் தமக்குச் சரளமில்லாத ஆங்கிலத்தில் 'கம்', 'சிட்', 'ஈட்' என்று கட்டளைகளாகப் பேசத் தொடங்கினால், கதையும் காரணமும் கேள்வியும் வீட்டுப் பேச்சிலிருந்து மறைகின்றன. பாட்டியுடனான உரையாடலும் அத்துடன் நின்றுபோகும். தொடக்க ஆண்டுகளில் வீட்டு மொழியே முதன்மையாக இருக்க வேண்டும் என்று தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும் வலியுறுத்துகிறது.

எனினும் ஒரு நடைமுறைத் தேவை உள்ளது. 'ஒண்ணுக்கு வருது' என்று குழந்தை சொன்னால் தமிழறியாத ஆசிரியைக்குப் புரியாது. தண்ணீர், கழிப்பறை, வலி, அம்மா வேண்டும் ஆகியவற்றை ஆசிரியைக்குப் புரியும் மொழியில் சொல்ல, சேர்க்கைக்கு முன்பே பழக்கிவிடுவது எழுத்துப் பயிற்சியைவிடப் பயனுள்ளது. தானே உண்ணுதல், முறை வரும்வரை காத்திருத்தல், சில மணி நேரம் பெற்றோரைப் பிரிந்திருத்தல் ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

இத்தகைய பழக்கங்களின் மதிப்பை அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய பெர்ரி மழலையர் பள்ளி ஆய்வு காட்டியது. 123 ஏழைக் குழந்தைகளை 40 வயது வரை தொடர்ந்த அந்த ஆய்வில், மழலையர் கல்வி பெற்றவர்களின் நுண்ணறிவு மதிப்பெண் முன்னிலை சில ஆண்டுகளில் மறைந்தது. பள்ளிப்படிப்பை முடித்தல், வேலை, வருவாய் ஆகியவற்றில் அவர்களின் முன்னிலை நிலைத்தது.

கட்டணம் செலுத்தினால்தான் இவை கிடைக்கும் என்பதில்லை. அங்கன்வாடி என்ற கருத்தே இப்பகுதியில் வேர்விட்டதுதான். அன்றைய தானே மாவட்டத்தின் போர்டி கிராமத்தில் 1945-இல் தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகியோர் தொடங்கிய பணி, பின்னர் கோஸ்பாடில் பழங்குடிக் குழந்தைகளிடையே தொடர்ந்தது. இலை, விதை, களிமண், கூழாங்கல் ஆகியவையே அங்குக் கற்பித்தல் கருவிகள். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாடு முழுவதும் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கப்பட்டபோது, அவற்றுள் தமிழர்கள் செறிந்து வாழும் தாராவியும் ஒன்று.

சட்டத்தில் மட்டும் இடைவெளி நீடிக்கிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையே கட்டணமில்லாக் கல்வியை உரிமையாக்குகிறது. 3 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்பதோடு அது நின்றுவிடுகிறது. மழலையர் கல்விக் கட்டணச் சுமை பெற்றோர் மீதே விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடித்து இரவில் வீடு திரும்பும் பெற்றோர் கவனிக்க வேண்டியவை உறக்கமும் கைப்பேசியும். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 13 மணி நேர உறக்கமும் 3 மணி நேர உடலசைவும் தேவை, திரை நேரம் ஒரு மணியைத் தாண்டக் கூடாது என உலக சுகாதார அமைப்பு 2019-இல் அறிவுறுத்தியது.

இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தை, கற்ற சொற்களை இழக்கும் குழந்தை ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்டி, செவித்திறனையும் பரிசோதிக்க வேண்டும். பல மொழிகள் காதில் விழுவதே காரணம் எனக் காத்திருக்கக் கூடாது. 2013 பிப்ரவரியில் பால்கரில் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ், அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை இத்தகைய பரிசோதனை இலவசமாக நடைபெறுகிறது.