கருத்தடை மாத்திரையை நிறுத்திய பின் கருத்தரித்தல்

கருத்தடை மாத்திரை என்பது பெண்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட நாள்தோறும் வாய்வழியாக உட்கொள்ளும் ஹார்மோன் மருந்தாகும். 1960 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கு முதன்முதலில் ஒப்புதல் வழங்கப்பட்டது. இம்மாத்திரையின் பாதுகாப்பு தற்காலிகமானது. அதை நிறுத்திய சில நாட்களிலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு திரும்பிவிடுகிறது. நீண்ட காலம் உட்கொண்டதால் நிறுத்திய பின்னும் சில மாதங்கள் பாதுகாப்பு தொடரும் என்ற நம்பிக்கை எதிர்பாராத கருத்தரிப்புகளுக்கு ஒரு காரணமாகும்.

மாத்திரை செயல்படும் விதம்

பரவலாகப் பயன்படும் கூட்டு மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இருவகை ஹார்மோன்கள் உள்ளன. இவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் தூண்டுதலைத் தடுத்து, சூலகத்திலிருந்து கருமுட்டை வெளியாகாமல் செய்கின்றன. கருப்பை வாயிலுள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணு நுழைவதையும் தடுக்கின்றன. இந்த ஹார்மோன்கள் உடலில் சேர்ந்து தங்குவதில்லை. சில நாட்களிலேயே வெளியேறிவிடுகின்றன. அதனால்தான் மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ள வேண்டியுள்ளது.

இந்திய அரசின் குடும்ப நலத் திட்டத்தில் இலவசமாக வழங்கப்படும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். அவற்றுள் 21 ஹார்மோன் மாத்திரைகள். எஞ்சிய 7 இரும்புச்சத்து மாத்திரைகள். இந்த 7 நாட்களில் ஏற்படும் இரத்தப்போக்கு ஹார்மோன் குறைவதால் வருவது. இயல்பான மாதவிடாய் அன்று.

நிறுத்திய பின் நடப்பது

மாத்திரையை நிறுத்திய 2 முதல் 4 நாட்களில் பொதுவாக இரத்தப்போக்கு ஏற்படும். இதை மாதவிடாய் என எண்ணி, "மாதவிடாய் வந்துவிட்டது, கரு இல்லை" என்றோ, "அடுத்த மாதவிடாய் வரை ஆபத்தில்லை" என்றோ முடிவுசெய்வது தவறு. சூலகம் உடனே மீண்டும் இயங்கத் தொடங்கி, சில பெண்களுக்கு இரண்டு வாரங்களுக்குள்ளேயே கருமுட்டை வெளியாகலாம். முட்டை வெளியாகிச் சுமார் 2 வாரங்களுக்குப் பின்னரே இயல்பான மாதவிடாய் வரும். எனவே, முதல் மாதவிடாயைக் காணும் முன்பே ஒரு பெண் கருவுறக்கூடும்.

2009 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வொன்றில், கருத்தரிக்க விரும்பி மாத்திரையை நிறுத்திய பெண்களில் சுமார் 21% பேர் முதல் சுழற்சியிலேயே கருவுற்றனர்; ஓராண்டுக்குள் சுமார் 79% பேர் கருவுற்றனர். இது மாத்திரை உட்கொள்ளாத பெண்களின் நிலையை ஒத்ததே.

அட்டையின் நடுவில் நிறுத்தினால்

விந்தணு பெண்ணின் உடலில் 5 நாட்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். ஆகவே நிறுத்துவதற்கு முந்தைய நாட்களின் உடலுறவும் கருத்தில் கொள்ளப்பட வேண்டும்.

புதிய அட்டையின் முதல் வாரத்தில் நிறுத்துவதே அதிக ஆபத்தானது. முந்தைய 7 நாட்கள் ஹார்மோன் இல்லாமல் இருந்ததால், சூலகம் ஏற்கெனவே விழித்தெழும் நிலையில் இருக்கும். இடைவெளி நாட்களிலோ அந்த வாரத்திலோ உறவு கொண்டிருந்தால் அவசரக் கருத்தடை பற்றி மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரையை 72 மணி நேரத்திற்குள், எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக உட்கொள்ள வேண்டும்.

இரண்டாம் அல்லது மூன்றாம் வாரத்தில், தொடர்ந்து 7 மாத்திரைகளாவது தவறாமல் உட்கொண்ட பின் நிறுத்தினால், அதற்கு முந்தைய உறவுகளுக்குப் பாதுகாப்பு இருக்கும். நிறுத்திய நாளிலிருந்து ஆணுறை போன்ற வேறு முறை தேவை.

பிற கருத்தடை முறைகளுடன் வேறுபாடு

எல்லா முறைகளிலும் கருவளம் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடப்படும் 'அந்தரா' ஊசியை நிறுத்தினால், கடைசி ஊசிக்குப் பின் கருத்தரிக்கப் பொதுவாக 7 முதல் 10 மாதங்கள் ஆகலாம். காப்பர்-டி சாதனத்தை அகற்றினால் உடனே கருத்தரிக்க முடியும். ஊசி குறித்துக் கேள்விப்பட்டதை மாத்திரைக்கும் பொருத்திப் பார்ப்பதால் குழப்பம் ஏற்படுகிறது.

கருவுற்றதை அறிதல்

மாதவிடாய் ஒழுங்காக வரச் சில மாதங்கள் ஆகலாம் என்பதால், நாள் தள்ளிப்போவதை மட்டும் கொண்டு எதையும் உறுதிசெய்ய இயலாது. பாதுகாப்பற்ற உடலுறவு நிகழ்ந்து 21 நாட்களுக்குப் பின் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை நம்பகமானது. மூன்று மாதங்கள் ஆகியும் மாதவிடாய் வராமல், பரிசோதனையில் கருவும் இல்லையெனில் மருத்துவரை அணுக வேண்டும். மாத்திரை உட்கொண்ட காலத்தில் மறைந்திருந்த தைராய்டு கோளாறு அல்லது சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை இதற்குக் காரணமாக இருக்கலாம்.

கருவுற்றது தெரியாமல் சில நாட்கள் மாத்திரையைத் தொடர்ந்திருந்தாலும், அதனால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படும் ஆபத்து கூடுவதாகக் கண்டறியப்படவில்லை. கரு உறுதியானதும் மாத்திரையை நிறுத்தினால் போதும்.

குழந்தையை விரும்புவோரும் விரும்பாதோரும்

குழந்தை வேண்டுமென மாத்திரையை நிறுத்துவோர் உடல் "சுத்தமாகும்" வரை காத்திருக்கத் தேவையில்லை. மாத்திரை மலட்டுத்தன்மையை ஏற்படுத்துவதில்லை. நிறுத்துவதற்கு முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்வது, குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்க உதவும். வயது 35க்கு உட்பட்டோர் ஓராண்டு முயன்றும், 35ஐக் கடந்தோர் 6 மாதங்கள் முயன்றும் கருவுறாவிடில் இருவரும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

தலைவலி, குமட்டல் போன்ற பக்கவிளைவுகளுக்காக நிறுத்துவோர், மாற்று முறையை முன்கூட்டியே தேர்ந்தெடுத்து, இடைவெளியின்றித் தொடங்க வேண்டும். ஒற்றைத் தலைவலியுடன் பார்வை மங்கல், கால் வீக்கம், நெஞ்சுவலி ஆகியவை தோன்றினால் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். அந்நாளிலிருந்தே ஆணுறை பயன்படுத்த வேண்டும்.

கருத்தடை தோல்வியால் விரும்பாத கரு உண்டானால், இந்தியாவில் 2021 இல் திருத்தப்பட்ட மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி, பதிவுபெற்ற மருத்துவர் ஒருவரின் கருத்தின்பேரில் 20 வாரங்கள் வரை அதைக் கலைக்க இடமுண்டு. மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கி உட்கொள்வது கடும் இரத்தப்போக்குக்கு வழிவகுக்கலாம்.