குறிக்கோளும் தேகப்பயிற்சியும்

நெய்வேலியில் 1957-இல் மண்ணகழும் பணி தொடங்கிற்று. பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டதோ 1961-இல்தான். அதுவரை அகற்றிய மண்ணின் அளவே முன்னேற்றத்தைக் காட்டிற்று.

உடலைப் பேணுவதும் அத்தகையதே. ‘உடல் இளைக்க வேண்டும்’ என்பது வெறும் ஆசை. ‘மாலையில் தறியை விட்டு எழுந்ததும் அரைமணி நடப்பேன்’ என்பதே குறிக்கோள். வேளையையும் இடத்தையும் முன்னரே வகுத்துக்கொண்டோரே எண்ணியதைப் பெரிதும் நிறைவேற்றுகின்றனர் என்பதை ஜெர்மானிய உளநூலறிஞர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விளக்கினார்.

வயது வந்தோர்க்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. அதாவது ஐந்து நாள் அரைமணி நடை. நாளுக்குப் பதினாயிரம் அடி என்னும் கணக்கோ, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது! அதனை எட்டாதார் மனந்தளர வேண்டுவதில்லை.

அங்கத்தினர்கள் நடந்த நாட்களை, சேமிப்புப் புத்தகத்தில் தவணை பதிவதுபோல் நாட்காட்டியில் குறித்து வருக. ஒரு நாள் தவறின், மறுநாள் தொடர்க.