பகல் இடைவேளையும் பாடசாலை நூல்நிலையமும்

பாடசாலை நூல்நிலையம் எப்பொழுது திறந்திருத்தல் வேண்டும்? மாணவன் ஓய்வாயிருக்கும்பொழுது என்பதே விடை. இவ்வெளிய உண்மை நடைமுறையில் தலைகீழாய் நிற்றலைப் பலவிடத்தும் காண்கின்றோம். ஈழத்துப் பாடசாலைகள் பெரும்பாலும் காலை ஏழரை மணிக்குத் தொடங்கிப் பகல் ஒன்றரை மணிக்குக் கலைகின்றன. இடையே உணவுக்கென விடப்படும் சிறுபொழுதே மாணவனுக்குச் சொந்தமானது. அப்பொழுதுதான் பொறுப்பாசிரியரும் உணவுக்குச் செல்கின்றார், கதவு பூட்டப்படுகின்றது!

கல்முனைக் கரையோரத்தை எண்ணிப் பார்ப்போம். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை வீட்டோடு வீடு நெருங்கிய ஊர்கள். தறியோசை ஓயாத நெசவாளர் இல்லத்துப் பிள்ளைக்கு அமைதியாக நூலை விரிக்க இடமேது? அவனுக்கு இடைவேளை நூல்நிலையம் வெறும் பொழுதுபோக்கன்று. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையிலே மிகுந்த உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். உயிரோடும் உடைமையோடும் கரையோர நூல்களும் அழிந்தன. இழந்து மீண்டவர் எஞ்சியதைப் பூட்டிக் காக்க விரும்புதல் இயல்பே. ஆயினும் பூட்டிய அலுமாரியில் கறையானுக்கு மட்டுமே அனுமதியுண்டு.

சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931 இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் முதலாவது, நூல்கள் பயன்பாட்டிற்கே உரியன என்கின்றது. நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கப் பணிக்கின்றது. (அவர் பிறந்த 1892 ஆம் ஆண்டிலேயே கல்முனைக்குத் தெற்கே காரைதீவில் விபுலாநந்த அடிகளும் பிறந்தார் என்பது நினைந்து மகிழத்தக்கது.) இடைவேளைக்கு நான்காம் விதியே உயிர். பதிவேட்டில் பெயர், வகுப்பு, நூலெண் எழுத ஒருவர்க்கு ஒரு நிமிடமாயின், இருபது நிமிடத்தில் இருபதின்மரே இரவல் பெறுவர். ஏனையோர் வரிசையில் நின்றே மணியோசை கேட்பர். பிரவுண் முறையில் நூலுக்கொரு சீட்டும் மாணவனுக்கொரு சிற்றுறையும் உண்டு. சீட்டை உறையிலிட்டு, நூலில் திகதி முத்திரை குத்தி, உறையை அத்திகதிக்குரிய தட்டில் நிறுத்தினால் வேலை முடிந்தது. துணைமாணவர் இருவர் இதனைச் செவ்வனே செய்வர்.

நெரிசலுக்கும் வழியுண்டு. ஆசனங்கள் முப்பதாயின் வாயிலில் முப்பது வில்லைகள் தொங்குக. வில்லையுள்ளவன் உள்ளே அமர்வான். மீளும்பொழுது மாட்டிச் செல்வான். காவலும் அதட்டலும் வேண்டா. இரவல் மட்டும் நாடுவோர்க்கு வில்லையும் வேண்டுவதில்லை. ஆனால் கீழ்வகுப்பாருக்கெனத் தனிநாட்கள் ஒதுக்காவிடின், உயரமான பையன்களே எல்லா வில்லைகளையும் எட்டிப் பறித்துவிடுவர். பணிசும் வடையும் வெளியிலே முடிய வேண்டும். தண்ணீர்க் குழாய் அண்மையிலிருந்தால் பாதிச் சண்டை தீரும். குற்றஞ் செய்தவனை நூல்நிலையத்தில் இருத்தித் தண்டிக்கும் வழக்கத்தை யாம் வன்மையாக வெறுக்கின்றோம்.

முஸ்லிம் பாடசாலைகள் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகையின் பொருட்டு முன்னரே கலைவதால், வார இறுதிக்குரிய இரவலை வியாழனன்றே வழங்குதல் நன்று. நோன்பு விடுமுறைக்கு முன் ஒருவர்க்கு இரண்டு மூன்று நூல்கள் கொடுத்தாலும் தகும்.

எஞ்சுவது ஆசிரியரின் பசி. நேரசூசி வகுக்கும்பொழுதே இடைவேளைக்கு அடுத்த பாடவேளையை அவருக்கு ஒழிவாக்கினால், அவர் ஆறுதலாக உண்ணலாம். இதற்குச் செலவு யாதுமில்லை. அதிபரின் பென்சிற் கோடொன்று போதும்.