பாதாளத்தில் ஒரு பழைய குடும்பம்

மாவேலி மன்னன் ஆண்டுக்கு ஒருமுறை பாதாளத்திலிருந்து மேலே வந்து மக்களைப் பார்த்துவிட்டுப் போவான் என்பது கேரளத்து நம்பிக்கை. அந்த மன்னனின் பெயரில் அங்கே ஒரு தவளையும் உண்டு: மாவேலித் தவளை. பாதாளத் தவளை என்றும் சொல்வார்கள். ஆண்டு முழுவதும் மண்ணுக்குள் கிடக்கும். மழை தொடங்கியதும் சில நாள் மேலே வந்து இணைசேர்ந்து, ஓடையில் முட்டையிட்டுவிட்டு மறுபடி இறங்கிவிடும்.

பார்த்தால் தவளை என்று சட்டெனச் சொல்ல முடியாது. காற்றடைத்த பைபோல் உப்பிய ஊதா நிற உடம்பு, நீளம் ஏழு சென்டிமீட்டர் அளவு. அதில் ஒட்டவைத்ததுபோல் சின்னத் தலை, பன்றிக்கு இருப்பதுபோல் நீண்ட மூக்கு. குட்டைக் கால்களால் தாவ வராது. தோண்ட நன்றாக வரும். சாப்பாடு கரையான், அதுவும் மண்ணுக்குள்ளேயே.

தவளை ஆய்வாளர்களான எஸ். டி. பிஜுவும் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃபிராங்கி போசைட்டும் 2003-இல் ‘நேச்சர்’ இதழில் இதற்கு நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ் என்று பெயரிட்டார்கள். நாசிகா என்றால் மூக்கு, பட்ராகஸ் கிரேக்கத்தில் தவளை, சஹ்யாத்ரி நம் மேற்குத் தொடர்ச்சி மலை. இந்த மலையில் புதுத் தவளை இனம் கிடைப்பது அதிசயமில்லை. கிடைப்பதெல்லாம் ஏற்கெனவே உள்ள ஏதாவது ஒரு குடும்பத்தில் அடங்கிவிடும். இது எதிலும் அடங்கவில்லை. இதற்கென்றே தனிக் குடும்பம் வகுக்க வேண்டியிருந்தது. 1926-க்குப் பிறகு தவளைகளில் இப்படி ஒரு புதுக் குடும்பம் கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை.

மரபணுவைப் பார்த்தபோது உறவுமுறை இன்னும் விநோதமாக இருந்தது. இதன் நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவில் இல்லை. சுமார் 3,000 கிலோமீட்டர் கடல் தாண்டி, சேஷெல்ஸ் தீவுகளில் வாழும் நான்கு சிறு தவளை இனங்கள். தவளையின் தோல் உப்புநீரைத் தாங்காது. அப்படியானால் கடந்து போனது யார்? தவளை போகவில்லை, நிலம்தான் போனது. சேஷெல்ஸின் பெரிய தீவுகள் எரிமலை கக்கியவை அல்ல. கோண்டுவானா பெருநிலத்தின் கருங்கல் துண்டுகள். இந்தியாவோடு ஒட்டியிருந்தவை ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இரு தவளைக் கிளைகளும் அதற்கும் வெகுமுன்பே, 10 கோடி ஆண்டுகளுக்கு அப்பால் பிரிந்திருக்க வேண்டும் என்பது 2003 ஆய்வின் கணக்கு. (இந்தக் கணக்கு ஆய்வுக்கு ஆய்வு மாறும்.)

பங்காளிகள் என்றாலும் சாயல் துளியும் இல்லை. சேஷெல்ஸின் கார்டினர் தவளை ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அளவுதான். அதற்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வரும். நடுக்காதும் இல்லை; ஒலியை வாய்க்குழி வழியாகக் கேட்கிறது என்று 2013-இல் தெரிந்தது.

இவ்வளவு வேறுபாட்டுக்குப் பிறகும், இரண்டையும் ஒரே குடும்பமாக வைத்தால் போதும் என்று 2006-இல் ஒரு வகைப்பாடு வந்தது. பலரும் தனியாகவே வைக்கிறார்கள். எனக்கு இது பாகப்பிரிவினைச் சண்டையாகத்தான் படுகிறது. கிளை பிரிந்தது இயற்கையில் நடந்தது. எந்தக் கணுவில் ‘குடும்பம்’ என்று எழுதுவது என்பது மனிதர் வசதி.

‘கண்டுபிடிப்பு’ என்பதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். பாய்ந்தோடும் ஓடையில் உறிஞ்சுவாயால் பாறையைப் பற்றிக்கொள்ளும் இதன் தலைப்பிரட்டையை 1918-லேயே விலங்கியலாளர்கள் அனன்டேலும் நாராயண ராவும் எழுதிவைத்துவிட்டார்கள். தாய் யாரென்றுதான் தெரியவில்லை. இடுக்கியின் பழங்குடிகளோ அந்தத் தலைப்பிரட்டையைக் காலங்காலமாகப் பிடித்துச் சமைத்து வருகிறார்கள்.

குடும்பத்தின் இரண்டாவது உறுப்பினர் நம் பக்கத்துக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையின் கிழக்குச் சரிவில் கிடைத்த தவளையைக் குரல், மரபணு, உடலமைப்பு எல்லாம் ஒப்பிட்டு 2017-இல் தனி இனமென்று அறிவித்தார்கள். கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி 2014-இல் மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் நினைவாக அதற்கு நாசிகாபட்ராகஸ் பூபதி என்று பெயர். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு மேலே வருகிறது. பூபதி தவளை காத்திருப்பது ஐப்பசி மழைக்கு.