வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்

2025 மே மாதம் பல்லடம் பக்கம் கரைப்புதூரில், ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி இறந்துபோனார்கள். இப்படிப்பட்ட சாவு திருப்பூர் வட்டாரத்துக்குப் புதிதல்ல. பெரும்பாலும் நடப்பதும் ஒரே மாதிரிதான். இறங்கியவர் சுருண்டு விழுவார். அவரைத் தூக்கிவிடலாம் என்று அடுத்தவர் பதறிக்கொண்டு இறங்குவார். அவரும் மேலே வரமாட்டார்.

தேங்கிக் கிடக்கும் சேற்றைக் கிளறும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அடர்த்தி கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. "இப்ப வாடை இல்லீங்க, இறங்கலாம்" என்று சூப்பர்வைசர் சொல்கிற நேரமே உயிருக்கு உலை வைக்கும் நேரமாக இருக்கலாம்.

1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 36 இதைத் தெளிவாகவே சொல்லியிருந்தது. வாயு தேங்கக்கூடிய தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கு முன், தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்துப் பார்த்து, 'ஆபத்தில்லை' என்று எழுத்தில் சான்று தர வேண்டும். இல்லாவிட்டால் இறங்குகிறவர் மூச்சுக்கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டியிருக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மூக்கில் கட்டும் கர்ச்சீப் இந்தக் கணக்கில் சேராது. சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இப்படி ஆளை இறக்குவதை, கையால் கழிவு அகற்றுவதற்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டம் தனியாகவே தடை செய்திருக்கிறது. சாக்கடைச் சாவுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20-ல் உத்தரவிட்டது.

சட்டம் இருந்தும் வாரச் சம்பளத்துக்கு கான்ட்ராக்டரை நம்பி நிற்கும் ஆள், "இறங்க மாட்டேன்" என்று தனியாகச் சொல்வது கடினம். அதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வேலையில் ஆபத்து இருப்பதாகத் தோன்றினால் நிர்வாகத்துக்குச் சொல்லவும், தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்துக்குப் புகார் தரவும் வழி உண்டு. நாலு பேர் சேர்ந்து எழுதித் தந்தால் யார் தலையும் தனியாக உருளாது.

விபத்து நடந்துவிட்டால் அடுத்து வருவது 'செட்டில்மென்ட்'. ஆஸ்பத்திரி வாசலிலேயே, சில சமயம் பிரேதப் பரிசோதனை முடிவதற்குள்ளேயே பேச்சு தொடங்கிவிடும். கையில் ஒரு தொகை, கூடவே ஒரு பத்திரத்தாள். சொந்த ஊருக்கு உடலைக் கொண்டுபோகும் அவசரத்தில் இருக்கும் ஒடிசாக் குடும்பமோ பீகார் குடும்பமோ தமிழில் எழுதிய அந்தத் தாளில் என்ன இருக்கிறதென்று எப்படிப் படிக்கும்?

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி, இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது இழப்பீடாகவே கணக்கில் வராது. தொழிலாளர் துறையில் உள்ள இழப்பீட்டு ஆணையரிடம் கட்ட வேண்டும். அவர்தான் பிரித்துத் தருவார். காயம்பட்ட பெண் தொழிலாளிக்கு மொத்தமாகத் தரும் தொகைக்கும் இதே விதி. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. கான்ட்ராக்டரின் ஆள் என்று சொல்லிக் கம்பெனி நழுவவும் முடியாது.

தொகை எவ்வளவு? முப்பது வயதுக்காரர் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியான 207.98-ஆல் பெருக்க வேண்டும். சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதன்படி 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய் வரும். கட்டிங் மெஷினில் கட்டைவிரல் முழுதாகப் போன இருபத்தைந்து வயது மாஸ்டருக்கு, அதே சம்பளத்தில், சுமார் 5 லட்சத்து 85 ஆயிரம். 'வைத்தியச் செலவைப் பார்த்துக்கொண்டோமே' என்பது இதற்கு ஈடாகாது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி சேரும். மனுப்போட இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இந்தக் கணக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இல்லாதவர்களுக்கு. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு வழி வேறு. வேலைக் காயத்துக்கு, முதல் நாள் வேலையில் அடிபட்டிருந்தாலும், குணமாகும் வரை சம்பளத்தில் 90 சதவீதம். இறந்தால் அதே அடிப்படையில் குடும்பத்துக்கு மாதாந்திர உதவி. வேலைக்கு வரும்போதோ வீட்டுக்குத் திரும்பும்போதோ சாலையில் நடந்த விபத்தும், நேரமும் இடமும் வேலையோடு பொருந்தினால், இதில் அடங்கும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் பைக்கில் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கம்பெனி விபத்து அறிக்கை அனுப்பியதா என்று கேட்டு நகல் வாங்குங்கள். "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று டாக்டரிடம் சொல்லச் சொன்னால் சொல்லாதீர்கள். அந்த ஒரு வரி பின்னால் மொத்த வழக்கையும் கவிழ்த்துவிடும்.

பீஸ் ரேட் ஆளும் தொழிலாளிதான். பெயர் பதிவேட்டில் இல்லையென்றால் சம்பளச் சீட்டு, ஜிபே குறுஞ்செய்தி, கேட் டோக்கன், கூட வேலை செய்தவரின் சாட்சி எல்லாம் உதவும். 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்களின் இடத்தில் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. பிரிவு எண்கள் மாறும். இங்கே சொன்ன உரிமைகளின் சாரம் தொடர்கிறது. மனு எழுதும்போது எந்தப் பிரிவு என்பதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்ளட்டும்.

இதே மாவட்டத்தின் தெற்கு எல்லையில், உடுமலைக்கு மேலே ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் குருமலை, குழிப்பட்டி, மாவடப்பு, தளிஞ்சி என்று மலைக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கேயும் கிராம சபையைக் கேட்காமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். 2006-ம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி, உரிமைக் கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சாலை, பள்ளி, குடிநீர் போன்ற வசதிகளுக்காக ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கேட்கவும் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் தோண்டும் திட்டத்தைப் பற்றி 2013-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொன்னது. கேட்கப்பட்ட பன்னிரண்டு கிராமங்களும் சுரங்கம் வேண்டாம் என்றன. கூட்டமே போடாமல் வீடுவீடாக வாங்கும் ஒப்பங்களைத் தீர்மானம் என்று சொல்ல முடியாது.

வக்கீல் வைக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் சட்டம் பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளிக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தரச் சொல்கிறது. திருப்பூர் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. நேரில் போக முடியாவிட்டால் 15100-க்கு அழையுங்கள், தாளில் பேனா வைப்பதற்கு முன்.