குளக்கரை வீதியை அகலிக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

சீனன்குடாவிலிருந்து மாவும் சீமெந்தும் ஏற்றிய கனரக லொறிகள் நாள்தோறும் புறப்படுகின்றன. மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள் யாவும் இந்தத் துறைமுகக் கரையை ஒட்டியே இருக்கின்றன. ஆகவே வீதிகள் அகலமாக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீதி ஒரு குளத்தை ஒட்டியோ குளக்கட்டின் மேலாகவோ செல்லும் இடத்தில், அகலிப்பு என்பது தார் போடும் வேலை மட்டுமல்ல. அங்கே குடியிருப்போர் எழுப்பும் கேள்விகளை அபிவிருத்திக்கு எதிர்ப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஏன் என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்தது. தமிழ் மரபு குளக்கோட்டனோடும், சிங்கள வரலாறு இரண்டாம் அக்கபோதி மன்னனோடும் இணைத்துப் பேசும் பழம்பெரும் குளம் அது. 120க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 1,600 வீடுகளும் 2,000 ஏக்கர் வயலும் அழிந்தன. நீர் இறைக்கும் நிலையம் ஒன்றைக் கட்டுவதற்கான பொருட்களை ஏற்றிய கனரக வாகனங்கள் கட்டின் மேல் ஓடியதே உடைப்புக்கு முக்கிய காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

மண்கட்டு ஒன்றின் இயல்பைப் புரிந்துகொண்டால் இது விளங்கும். எந்த மண்கட்டிலும் நீர் சிறிதளவு கசியும். தெளிந்த நீர் மெதுவாகக் கசிந்தால் பெரும்பாலும் உடனடி ஆபத்து இல்லை. கசியும் நீர் கலங்கலாக வந்தால், அது உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள். அந்தத் துளை பெரிதாகும்போது கட்டு சரிகிறது. வாகனப் பாரமும் அதிர்வும் பலவீனமான இடத்தை மேலும் தளர்த்தும். அகலம் தேடிக் கட்டின் அடிவாரத்தை வெட்டினால் அதைத் தாங்கி நிற்கும் மண் குறையும். மரங்களைத் தறித்து வேரை உள்ளேயே விட்டால், வேர் உக்கிய வழி நீருக்குப் பாதையாகும்.

குளத்தின் பக்கமாக வீதியை அகலித்தால் வேறொரு சிக்கல். ஒரு மீற்றர் ஆழமுள்ள நீரோரத்தில் ஐந்து மீற்றர் அகலத்துக்கு ஒரு கிலோமீற்றர் தூரம் மண் நிரப்பினால், 5,000 கன மீற்றர், அதாவது 50 இலட்சம் லீற்றர் நீருக்கான இடம் போய்விடும். கோடையில் அது வயலுக்குக் குறையும். மாரியில் அந்த நீர் வேறு இடம் தேடும். உயர்த்தப்பட்ட வீதியின் குறுக்கே போதிய மதகுகள் இல்லாவிட்டால், மழைவெள்ளம் தேங்கி வீட்டு முற்றங்களுக்குள் புகும்.

பொறுப்பும் பல கைகளில் பிரிந்திருக்கிறது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சி, டி தர வீதிகள் மாகாண சபையின் கீழ் வருகின்றன. உள்ளூர் வீதிகளைப் பிரதேச சபைகள் பார்க்கின்றன. குளங்களிலும் இதே நிலைதான். 80 ஹெக்டேயருக்கு மேற்பட்ட வயலுக்கு நீர் பாய்ச்சும் குளங்களை நீர்ப்பாசனத் துறை கவனிக்கிறது. சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. வீதியை அளப்பவர் குளத்தை அளப்பதில்லை. குளத்தைப் பார்ப்பவரிடம் வீதி வரைபடம் போய்ச் சேர்ந்ததா என்பதை ஊர்மக்களே விசாரிக்க வேண்டியிருக்கிறது.

சட்டத்திலும் இடம் உண்டு. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீடு தேவைப்படும் திட்டமாயின், அந்த அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துச் சொல்ல 30 நாட்கள் வழங்கப்பட வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடங்களையும் கேட்டுப் பெறலாம்.

எனவே வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்க வேண்டியவை இவை. கட்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்று பரிசோதித்தார்களா? அகலிப்பு எந்தப் பக்கம்? குளத்தின் எல்லைக் கற்கள் நாட்டப்பட்டுள்ளனவா? வான் பாயும் வழி அடைபடுமா? கட்டுமான லொறிகள் எந்தப் பாதையால் வரும்? கடைசிக் கேள்வி சின்னதாகத் தோன்றலாம். கந்தளாயில் கட்டின் மேல் ஓடியவையும் கட்டுமான வாகனங்கள்தான்.