துணியில் ஒரு டி.என்.ஏ

பூப்போட்ட துணி பார்த்திருப்பீங்க. கட்டம் போட்ட துணியும் பார்த்திருப்பீங்க. சில கடைகளில் அறிவியல் படம் போட்ட பருத்தித் துணியும் கிடைக்கும். கோள்கள், நுண்ணோக்கி, சோதனைக்குழாய் என்று பல படங்கள் அதில் இருக்கும். முறுக்கிய ஏணி மாதிரி ஒரு படமும் இருக்கும். அதுதான் டி.என்.ஏ.

துணியில் பூ வரையும்போது ஐந்து இதழுக்குப் பதிலாக ஆறு இதழ் வரைந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் டி.என்.ஏ படத்தில் சரி, தவறு உண்டு. அதை நீங்களே கண்டுபிடிக்கலாம். எப்படின்னு பார்ப்போமா?

1. ஏணியில் என்ன இருக்கிறது?

நம் உடல் பல லட்சம் கோடி செல்களால் ஆனது. பெரும்பாலான வகைச் செல்களுக்குள் டி.என்.ஏ இருக்கிறது. உடல் எப்படி வளர வேண்டும், முடி என்ன நிறம், கண் என்ன நிறம் என்பதற்கெல்லாம் குறிப்புகள் அதில் உள்ளன. ஒரு குறிப்பு உள்ள பகுதியை மரபணு என்கிறோம். அம்மாவிடமிருந்து பாதி, அப்பாவிடமிருந்து பாதி உங்களுக்கு வந்திருக்கிறது.

கணினி 0, 1 என்ற இரண்டே குறிகளால் எல்லாவற்றையும் எழுதுகிறது. டி.என்.ஏ-வுக்கு நான்கு குறிகள்: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். அடினின் தைமினோடு கைகோர்க்கும். குவானின் சைட்டோசினோடு கைகோர்க்கும். ஒவ்வொரு ஜோடியும் ஏணியின் ஒரு படி.

2. முதல் சோதனை: முறுக்கு

ஒரு சாதாரணத் திருகாணியை நேராக நிமிர்த்திப் பிடிங்க. உங்களுக்கு முன்னால் தெரியும் வரிகளைப் பாருங்க. அவை இடப்பக்கம் கீழே தொடங்கி, வலப்பக்கம் மேலே ஏறும். டி.என்.ஏ-வும் பொதுவாக இப்படித்தான் முறுக்கியிருக்கும். எறும்புக்கும் மாமரத்துக்கும் உங்களுக்கும் ஒரே முறுக்குதான்!

இப்போ துணியைப் பாருங்க. ஏணி நேராக நிற்கும்படி பிடிங்க. ஏணியின் இரண்டு பக்கக் கம்பிகளும் ஒன்றை ஒன்று தாண்டிப் போகும். தாண்டும் இடத்தில் முன்னால் இருக்கும் கம்பி எந்தப் பக்கம் ஏறுகிறது? வலப்பக்கம் மேலே ஏறினால் படம் சரி. இடப்பக்கம் மேலே ஏறினால் படம் தவறு. படம் வரைபவர் அழகுக்காக அதை வலம் இடமாகத் திருப்பிவிட்டால் இப்படி ஆகிவிடும்.

துணியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விடை மாறாது. செய்து பாருங்க! ஆனால் கண்ணாடியில் பார்த்தால் மாறிவிடும். அதனால் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சோதிக்கக் கூடாது, சரியா?

3. இரண்டாம் சோதனை: நிறம்

சில துணிகளில் ஏணிப் படிகளுக்கு நான்கு நிறம் கொடுத்திருப்பார்கள். ஒரு படியில் சிவப்பும் பச்சையும் சேர்ந்திருந்தால், எல்லாப் படியிலும் சிவப்பு பச்சையோடுதான் சேர வேண்டும். மஞ்சள் நீலத்தோடுதான் சேர வேண்டும். எங்கேயாவது சிவப்பு மஞ்சளோடு சேர்ந்திருந்தால், கண்டுபிடிச்சிட்டீங்க!

4. படம் துணிக்கு வந்த கதை

1952-இல் லண்டனில் ரோசலிண்ட் பிராங்க்ளின் என்ற விஞ்ஞானியும் அவருடைய மாணவர் ரேமண்ட் காஸ்லிங்கும் எக்ஸ் கதிரால் டி.என்.ஏ-வைப் படம் எடுத்தார்கள். 1953-இல் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் டி.என்.ஏ ஓர் இரட்டைச் சுருள் என்று அறிவித்தார்கள். அதற்கு அந்தப் படம் பெரிய உதவியாக இருந்தது.

அறிவியல் படத்தைத் துணியில் போடும் எண்ணம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. ஹெலன் மெகாவ் என்ற விஞ்ஞானி படிகங்களை ஆராய்ந்தவர். படிகங்களுக்குள் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் கோலம் போல அழகாக இருக்கும். அதைத் துணியில் அச்சிடலாமே என்று அவர் யோசனை சொன்னார். 1951-இல் பிரிட்டனில் நடந்த பெரிய விழாவில் அப்படிப்பட்ட துணிகளை மக்கள் பார்த்தார்கள். இன்சுலின், ஹீமோகுளோபின் ஆகியவற்றின் வரைபடங்களும் அவற்றில் இருந்தன. வரைபடங்களை விஞ்ஞானிகளே கொடுத்தார்கள். துணி அழகாகவும் இருந்தது, அதில் உண்மையும் இருந்தது.

5. துணிக்குள்ளே என்ன?

இன்னும் ஒரு செய்தி. ஒரு பஞ்சு இழையைப் பிரித்து எடுங்க. அந்த மெல்லிய இழை முழுவதும் ஒரே ஒரு செல்! பருத்தி விதையின் மேல் தோலிலிருந்து அது நீளமாக வளர்ந்தது. வளரும்போது அதற்குள் டி.என்.ஏ இருந்தது.

டி.என்.ஏ செல்லுக்குள் குரோமோசோம்களாகப் பிரிந்து இருக்கும். மனிதச் செல்லில் பொதுவாக 46 குரோமோசோம்கள். தமிழ்நாட்டின் பழைய கருங்கண்ணிப் பருத்தியில் 26. இன்று உலகில் அதிகம் பயிராகும் பருத்தியில் 52, நம்மைவிட அதிகம்! அப்படின்னா, துணியின் மேல் டி.என்.ஏ படம் வரும் முன்பே, அதன் இழைக்குள் உண்மையான டி.என்.ஏ இருந்திருக்கிறது.

சொல் அறிவோம்

மரபணு – பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும் குறிப்பு
திருகாணி – சுற்றிச் சுற்றி முடுக்கும் ஆணி
படிகம் – அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய திடப்பொருள். உப்பும் சர்க்கரையும் படிகங்களே
இழை – மெல்லிய நூல் போன்றது

விடை சொல்லுங்க

1. அடினின் எதனோடு ஜோடி சேரும்?
2. துணியின் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் டி.என்.ஏ-வின் முறுக்கு எந்தப் பக்கம் தெரியும்? ஏன்?
3. நான்கு நிறப் பென்சில்களால் பத்துப் படி உள்ள ஏணி ஒன்று வரையுங்க. முறுக்கையும் நிறத்தையும் நண்பரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்க.